பேர் போடாத ஜெபக் குறிப்பு

எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எந்த ஊருக்குப் போகிறார், யார் வீட்டுக்கு, என்ன விசேஷம் என்பதெல்லாம் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் தெரிந்தாக வேண்டும். "நீ போலீஸ் ஸ்டேஷன்ல இருக்க வேண்டியவ, வழி தப்பிப் பள்ளிக்கூடத்துல ஒக்காந்துருக்க" என்பார் என் வீட்டுக்காரர். கடலூரில் எங்கள் சபைக் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்த தொடக்கப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளிடம் கேள்வி கேட்டதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஊராரிடம் கேட்டதெல்லாம் என் சொந்த ஆர்வத்தில்.

சபையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்களுக்குப் பழைய ஆள் ஒருவரைத் துணைக்குப் போடுவார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். அதற்குத் தமிழில் ஏதோ நல்ல பெயர் வைத்திருந்தார் போதகர்; நாங்கள் எல்லாரும் ஃபாலோ-அப் என்றுதான் சொன்னோம். வாரம் ஒரு முறை பார்த்துப் பேச வேண்டும், பைபிளில் எது எங்கே இருக்கிறது என்று காட்டித்தர வேண்டும், முக்கியமாக அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி என்று சபையில் பேர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கு வேறொரு ஆசை இருந்தது. நான் பிறந்ததே கிறிஸ்தவக் குடும்பத்தில். அப்பாவும் அப்படி, அவருடைய அப்பாவும் அப்படி. இந்த மூக்கு எப்படி வந்ததோ அப்படித்தான் எனக்கு மதமும் வந்தது, நான் எதையும் தேடிப் போகவில்லை. சாட்சி சொல்லும் நேரத்தில் மற்றவர்கள் எழுந்து, நான் இப்படி இருந்தேன், இப்படி ஆனேன் என்று சொல்லச் சொல்லச் சபையே உச்சுக் கொட்டும். நான் எழுந்தால், பள்ளிக்கூட இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியாக முடிந்தது, ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். அதனால் புதிதாக வருகிறவர்களின் கதைமேல் எனக்குப் பேராசை. அந்த நேரம் எப்படி இருந்தது? எந்த இடத்தில்? கையில் என்ன வேலை நடந்துகொண்டிருந்தது? யாரைக் கேட்டாலும் இதையெல்லாம் பிடுங்கி எடுக்காமல் விடமாட்டேன்.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் வெள்ளிக்கிழமை மதிய ஜெபத்துக்கு ஒரு பெண் வர ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் நடக்கிற உபவாச ஜெபம் அது. பள்ளிக்கூட இடைவேளையில் நானும் போய்விடுவேன். கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, செருப்பைக் கழற்றிக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு உட்காருவாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். நெற்றியில் சின்னப் பொட்டு, தலையில் கனகாம்பரம். ஜெபம் முடிவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே காணாமல் போய்விடுவாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவள் எழுவதற்கு முன்னால் நான் எழுந்து வாசலில் நின்றுகொண்டேன். தப்பிக்க முடியவில்லை. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாளாம். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிக்கிறாளாம். வீட்டுக்காரர் சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆய்வேடு பைண்டிங் செய்து கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வீட்டில் மாமியார். குழந்தை இல்லை. கேட்டை அடைவதற்குள் இவ்வளவும் கேட்டு முடித்துவிட்டேன்.

"நீங்க என்னா அக்கா, எங்க வக்கீல விட மோசமா கேக்குறீங்க" என்று சிரித்தாள்.

"சரி, இங்க எப்படி வந்த? யாரு கூட்டியாந்தா?"

சிரிப்பு நின்றுபோனது. "அத மட்டும் கேக்காதீங்க அக்கா" என்றாள்.

போதகர் அவளை என்னிடமே ஃபாலோ-அப்புக்கு விட்டார். வெள்ளிக்கிழமைகளில் ஜெபத்துக்கு முன்னால் பத்து நிமிடம், முடிந்ததும் கோர்ட் முனைவரை நடை. நான் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியது போய் அவள்தான் என்னைக் கேள்வி கேட்டாள். எனக்கு இதுவரை தோன்றாத கேள்விகள்!

"ஏன் அக்கா எல்லாரும் கண்ண மூடிக்கிறீங்க? நாங்க கோயிலுக்குப் போறதே பாக்கத்தான். தீபாராதன காட்டும்போது கண்ண மூடுனா எங்க மாமியா முதுகுல ஒண்ணு வப்பாங்க. இங்க தொறந்து வச்சிருந்தா நீங்க மொறைக்கிறீங்க."

நான் யோசித்தேன். கவனம் சிதறக் கூடாது என்பதற்காக என்றேன். "கண்ண மூடுனாத்தான் எனக்குக் கவனம் செதறுது, கொழம்புல உப்பு போட்டேனான்னு நெனப்பு வருது" என்றாள். அன்றைக்கு ஜெபத்தில் நான் கண்ணைத் திறந்துவைத்துப் பார்த்தேன். முன் வரிசை அக்கா கொட்டாவி விட்டார், போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் மூடிக்கொண்டேன்.

இன்னொரு நாள், வீட்டில் யாரிடமும் பேசாத தமிழில் ஏன் சாமியிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். அவள் தனியாக ஜெபிக்கும்போது, 'இன்னைக்கு பஸ்ஸுல எடம் கெடச்சிச்சு, சந்தோசம். அத்தைக்குக் கண்ணு ஆபரேசன், நீ பாத்துக்க' என்றுதான் சொல்வாளாம். அது தப்பா என்று கேட்டாள். தப்பில்லை என்றேன். சொல்லும்போதே எனக்குப் பொறாமையாக இருந்தது. நாற்பத்திரண்டு வருடமாக ஜெபிக்கிறேன், பஸ்ஸில் இடம் கிடைத்ததற்கு நான் ஒரு நாளும் சந்தோஷம் சொன்னதில்லை.

எல்லாம் பேசுவாள். எப்படி வந்தாள், ஏன் வந்தாள் என்பதை மட்டும் வாய் திறக்கமாட்டாள். நான் நேராகக் கேட்டேன், சுற்றி வளைத்துக் கேட்டேன், என் கதையைச் சொல்லிவிட்டு அவள் கதையை எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் கோர்ட் முனையில் நின்று சொன்னாள்:

"அக்கா, இது எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. அவருகிட்ட சொல்லணும். மொதல்ல அவருகிட்டதான் சொல்லணும். கல்யாணமாயி பத்து வருசம், அவருக்குத் தெரியாம நான் ஒரு பொடவ எடுத்ததில்ல. இத அவருக்கு முன்னாடி இன்னொருத்தருகிட்ட சொல்லிட்டேன்னா அப்புறம் அவருகிட்ட சொல்றதுல என்னா இருக்குது?"

"எப்ப சொல்லப் போற?"

"அத்தைக்குக் கண்ணு ஆபரேசன் இப்பத்தான் ஆயிருக்குது. மார்கழித் தேரு வருது. அவுங்க குடும்பமே வடம் பிடிக்கும், அன்னைக்கு வீடு நெறைய ஜனம். தேரு நெலைக்கு வரட்டும் அக்கா, மறுநாளே சொல்லிடுறேன். அதுவரைக்கும் வெளிய வராம பாத்துக்கங்க. எனக்காக ஜெபம் மட்டும் பண்ணுங்க."

"அவரு கோவப்படுவாரா?"

"தெரியல. பயமா இருக்குது" என்றாள். அதற்குமேல் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

ஜெபம் மட்டும்தானே, அதில் நம்மை யார் மிஞ்சுவது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குக் குறிப்பு எழுதிப் போட ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். சீட்டில் எழுதிப் போட்டால், நடத்துகிற சிஸ்டர் மைக்கில் வாசிப்பார், எல்லாரும் சத்தமாகச் சேர்ந்து ஜெபிப்போம். நானும் எழுதினேன். அவள் பேரைப் போடவில்லை. பேர் போடாவிட்டால் ரகசியம் என்றுதான் எங்கள் சபையில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பேரை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதுவோம். விவரம் குறைந்தால் ஜெபத்தில் பாரம், அதாவது உருக்கம், வராது என்பார்கள்.

நான் டீச்சர் வேறு. விடைத்தாளில் குறை வைப்பேனா? சிதம்பரத்தில் மேல வீதியை ஒட்டிய தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சகோதரனின் மனைவி. கடலூரில் வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிப்பவர். வீட்டுக்குத் தெரியாமல் விசுவாசத்தில் இருக்கிறார். மார்கழித் தேர் முடிந்த மறுநாள் கணவரிடம் அறிக்கை செய்யவிருக்கிறார். இவ்வளவும் அழகான கையெழுத்தில். கடைசியில் ஒரு வரி: 'கணவரின் கடின இருதயம் உடைக்கப்பட ஜெபிக்கவும்.'

அந்தக் கடைசி வரி என் கற்பனைகூட இல்லை. புது விசுவாசி பெண்ணாக இருந்தால் சீட்டின் முடிவில் அது வந்துவிடும். கணவர் குடிக்கிறவரா, குடிக்காதவரா, அடிக்கிறவரா, அன்பானவரா, யாரும் விசாரித்ததில்லை. லீவ் லெட்டரின் கீழே 'தங்கள் உண்மையுள்ள' என்று போடுகிற மாதிரி போடுவோம்.

புது மைக் செட் வந்த வருடம் அது. பத்துப் பேர் இருந்தாலும் மைக்தான். வெளியே ஒரு கூம்பு ஸ்பீக்கர், கேட்டைப் பார்த்து. கேட்டுக்கு எதிரே ஜூஸ் கடை. கோர்ட்டுக்கு வந்தவர்கள் வெயிலுக்கு அங்கேதான் ஒதுங்குவார்கள்.

அன்றைக்கு அந்தப் பெண் ஜெபத்துக்கு வரவில்லை, வக்கீல் ஏதோ அவசர வேலை கொடுத்திருந்தார். சீட்டை வாசித்தார்கள். அறுபது பேர் சேர்ந்து ஜெபித்தோம். கல்லான இருதயமே நொறுங்கு என்று ஒரு சிஸ்டர் போட்ட சத்தத்தில் ஸ்பீக்கர் கீச்சிட்டது. எனக்கு அப்படியே புல்லரித்தது. நல்ல வேலை செய்தோம் என்று நிம்மதியாகப் போய்ப் பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு நடத்தினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அவள் வரவில்லை. அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்தது.

"அக்கா, என்னா எழுதிக் குடுத்தீங்க?"

குரலே சரியில்லை. நான் தடுமாறினேன். "பேரே போடலியேம்மா!"

"எங்க தெருவுல எத்தன ஜெராக்ஸ் கட இருக்குதுன்னு நெனச்சீங்க? ஒண்ணுதான் அக்கா."

நடந்தது இதுதான். அவள் வீட்டுக்காரரின் அத்தை மகன் நிலத் தகராறு ஒன்றுக்காகக் கோர்ட்டுக்கு வந்திருக்கிறார். ஜூஸ் கடையில் சாத்துக்குடி குடித்துக்கொண்டு நின்றவர் காதில் முழு விலாசமும் விழுந்திருக்கிறது. நேராகச் சிதம்பரம் பஸ் ஏறி, "மச்சான், ஒன் பொண்டாட்டி மதம் மாறிட்டாளாமே, ஒன் கல்லு நெஞ்ச ஒடைக்கச் சொல்லி மைக்குல கத்துறானுங்க" என்று கடையில் வைத்துக் கேட்டுவிட்டார்.

"அடிச்சாரா?" என்று கேட்டேன். எனக்கு வேறு கேள்வி வரவில்லை.

"அவரு ஏன் அக்கா அடிக்கப் போறாரு?" என்று சீறினாள். அவள் என்மேல் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. "சத்தம் போட்டாக்கூடப் பரவால்ல. ஒரு வாரமா பேசவே இல்ல. சாப்புடுறாரு, கடைக்குப் போறாரு, படுத்துக்கிறாரு. நான் பேசப் போனா எழுந்து போயிடுறாரு. எல்லாந்தான் தெரிஞ்சிபோச்சே, இனிமே நான் என்னா சொல்றது? நான் சொல்ல வேண்டியத நீங்க சொல்லிட்டீங்க." போனை வைத்துவிட்டாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போதகரிடம் ஓடினேன். நாலு பேராகப் போய் வீட்டில் ஜெபித்துவிட்டு வரலாம் என்றார். நாலு பேர் பைபிளோடு அந்தத் தெருவில் இறங்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இருபது நாளைக்கு முன்னால் என்றால் எனக்கும் தோன்றியிருக்காது. நான் தனியாகப் போகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டார். "போயி மன்னிப்புக் கேட்டுட்டு வா. கேள்வி கேட்டுட்டு வராத" என்றார்.

சனிக்கிழமை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை. சிதம்பரத்தில் தேருக்கு ஆறேழு நாள்தான் இருந்தது. தேர்களுக்கு மூங்கில் கட்டி, துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். வீதியைக் கழுவிக் கோலம் போட இடம் பிடித்து, இப்போதே வீட்டு வாசலில் சண்டை. விசாரித்துக் கடையைக் கண்டுபிடித்தேன். கறுப்பும் சிவப்புமாக பைண்டு செய்த ஆய்வேடுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. மெஷினுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், சட்டைக் கையில் மை.

"எத்தன காப்பி?" என்றார் நிமிராமல்.

"நான் கடலூர்லேருந்து வரேங்க. சபையிலேருந்து. அந்தச் சீட்ட எழுதுனது நாந்தான்."

இப்போது நிமிர்ந்தார். என்ன செய்வாரோ என்று கையில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முன்னால் நின்ற கல்லூரிப் பெண்ணின் பக்கங்களை வரிசை பார்த்து, கிளிப் போட்டு, கொடுத்து அனுப்பினார். பிறகுதான், "உள்ள வாங்க" என்றார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருந்தார். யாருடா என்று கேட்டார். "அவ ஃப்ரெண்டும்மா. கடலூர்ல டீச்சர்" என்றார் மகன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவிடம் அவர் இதுவரை மூச்சு விடவில்லை! அத்தை மகன் வாயையும் அடைத்து வைத்திருக்கிறார். நான் அறுபது பேருக்கு மைக்கில் சொன்னதை இந்த மனிதர் எட்டு நாளாகத் தன் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார்.

"வாம்மா, ஒக்காரு. தே, காப்பி போடு" என்று மாமியார் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அடுப்படி வாசலில் அவள் வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. "வாங்க அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அம்மா, கடையில கொஞ்சம் ஒக்காந்துக்க. ஆள் வந்தா கூப்புடு" என்று அம்மாவை முன்னால் அனுப்பிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்னய நீங்க பாத்துருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அவ சொன்னாளா, என் மனசு கல்லுன்னு?"

"சத்தியமா இல்லீங்க" என்றேன். சத்தியம் செய்யக் கூடாது என்று வாரா வாரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். "உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பா சொன்னதில்லீங்க. அது... நாங்க அப்படித்தான் எழுதுவோம்."

"எல்லாருக்குமா?"

"எல்லாரு வீட்டுக்காரருக்கும்."

"ஒரே ஒரிஜினல வச்சிக்கினு ஊருக்கெல்லாம் காப்பி போட்டுக் குடுக்குறீங்க" என்றார். சிரிப்பது போல இருந்தது, சிரிக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தப்புதாங்க, மன்னிச்சிருங்க என்றேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் நான் அப்படி யாரிடமும் கூசி நின்றதில்லை.

"கல்லுன்னு சொன்னதுகூடப் போவட்டும்" என்றார். "எத்தன பேரு இருந்தீங்க அங்க?"

"ஒரு அறுபது பேரு."

"அறுபது பேருக்குத் தெரியுது. தேரு முடிஞ்சி மறுநாள் எங்கிட்ட பேசப் போறாங்கறதுகூடத் தெரியுது. பத்து வருசமா கூட இருக்குற எனக்குத் தெரியல. என்னாத்துக்கு மாறுனா, எப்ப மாறுனா, எம்மேல என்னா கொற, எல்லாத்தையும் உங்ககிட்டல்லாம் சொல்லிருக்கா. கடைசி ஆளா எங்கிட்ட வந்து சொல்லி என்னா ஆவப்போவுது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்பதற்குத் தனக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் இப்படியே தேர் வந்து போய்விடும், பொங்கல் வந்து போய்விடும்.

"ஐயோ, எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலீங்க!" என்றேன். குரல் கடைவரைக்கும் கேட்டிருக்கும். "நான் எத்தன தடவ கேட்டேன் தெரியுமா? கெஞ்சாத கொறையா கேட்டேன். எப்படி வந்த, ஏன் வந்தன்னு. வாயே தொறக்கல. மொதல்ல அவருகிட்டதான் சொல்லணும், அவருக்கு முன்னாடி யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னுட்டா. அறுபது பேருக்குத் தெரிஞ்சதெல்லாம் உங்க கட எங்க இருக்குதுங்கறது மட்டுந்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமே சொல்லலியா?"

"ஒரு வார்த்த இல்ல. எனக்குத் தல வெடிக்குது."

அவள் காபியோடு வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பப் போனவளிடம், "ஒக்காரு" என்றார். எட்டு நாளில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை என்று நினைக்கிறேன். அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். அவரும் நாற்காலியை விட்டு இறங்கி எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"இவுங்களுக்கும் தெரியாதாமே" என்றார்.

"உங்களுக்குத்தானே மொதல்ல சொல்லணும்" என்றாள். அழுகையை விழுங்கிக்கொண்டு ஆரம்பித்தாள். "போன வருசம் அத்தைக்குக் காய்ச்சலு வந்து ஆசுபத்திரில இருந்தாங்களே. ரெண்டாவது நாளு, நான் சாப்பாடு எடுக்க வீட்டுக்கு வந்தனே..."

நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, டம்ளரை வாயருகே பிடித்தபடி, குடிக்காமல், நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். இதற்காகத்தானே அத்தனை வெள்ளிக்கிழமைகள்! அவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். போங்கள் என்று சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. காத்திருந்தார்கள்.

எழுந்தேன். என்ன பாடுபட்டு எழுந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார் அவர். வாய் வெந்துபோகும் சூட்டில் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கடைக்கு வந்து, நடுக்கதவை இழுத்துச் சாத்தினேன்.

"அதுக்குள்ள கெளம்பிட்டியா? உள்ள என்னாம்மா பேசிக்கிறாங்க?" என்றார் மாமியார். எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"தெரியலீங்கம்மா" என்றேன். "ஆமா, உங்களுக்குக் கண்ணு எங்க பாத்தாங்க? ஊசி போட்டாங்களா, சொட்டு மருந்துதானா? வலிச்சிச்சா?"

உட்கார்ந்துவிட்டார். இடது கண்ணுக்கு என்ன செய்தார்கள், வலது கண்ணை எப்போது பார்ப்பதாகச் சொன்னார்கள், பக்கத்துக் கட்டிலில் யார் இருந்தார்கள், தேரை இந்த வருடம் எவ்வளவு தெளிவாகப் பார்க்கப் போகிறார், எல்லாவற்றையும் கேட்டேன். ஓய்ந்தபோதெல்லாம் இன்னொரு கேள்வி. நடுவில் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். அரை மணி கழித்து வாங்க என்று அனுப்பினேன். அரை மணி கழித்து வந்தவர்களை, இன்னும் அரை மணி என்று அனுப்பினேன். ஒரு பையன் நாளைக்குக் கடைசி நாள் மேடம் என்று கெஞ்சினான். போயி டீ குடிச்சிட்டு வாப்பா என்றேன். கதவுக்குப் பின்னால் குரல்கள் கேட்டன. முதலில் அவள் மட்டும், பிறகு அவரும். ஒரு தடவை அவர் குரல் உயர்ந்தது. காதை அந்தப் பக்கம் திருப்பாமல் இருக்க, மாமியாரிடம் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன்.

கதவு திறந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்குக் கண் சிவந்திருந்தது. மெஷினைப் போட்டார். டீ குடித்துவிட்டு வந்த பையனிடம், "எத்தன காப்பி?" என்றார். அவள் பின்னால் வந்து நின்று, அவர் கேட்காமலே காகிதக் கட்டைப் பிரித்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். என்ன முடிவாயிற்று என்று அவர்கள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. "பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ சொல்லட்டுமா டீச்சர்?" என்றார். நடந்தே போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து, நான் எழுதிய கடைசி வரி பொய், அந்த மனிதரை நான் பார்த்ததே கிடையாது, இப்போது பார்த்துவிட்டேன் என்றேன். பழக்க தோஷத்தில் நாலு பேர் அல்லேலூயா என்றார்கள். சீட்டுகளை மைக்கில் வாசிப்பதை நிறுத்த அதற்குப் பிறகும் ஒரு வருடம் நான் சண்டை போட வேண்டியிருந்தது.

பொங்கல் கழித்து அவள் வந்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தாள். அவர் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு ஜூஸ் கடையில் பேப்பர் படிப்பார். ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. வாருங்கள் என்று நானும் சொன்னதில்லை. தேருக்கு அவர் வடம் பிடித்தார். அவள் தேர் பார்க்கப் போனாளா, மாமியாரிடம் எப்போது சொன்னார்கள், வீட்டில் என்ன பேசி வைத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அவர்கள் விஷயம். இதை எழுத எனக்குக் கை வலிக்கிறது, ஆனால் எழுதிவிட்டேன்.

அவளைச் சாட்சி சொல்லச் சொல்லி இரண்டொரு தடவை மைக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். "சொல்ல வேண்டியவருகிட்ட சொல்லிட்டேங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். சபையில் பாதிப் பேருக்கு ஏமாற்றம். ஃபாலோ-அப் செய்த எனக்கு மட்டும் கட்டாயம் தெரிந்திருக்கும் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் வேலூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு சிஸ்டர் வரைக்கும் என்னைத் தனியாக இழுத்துப் போய், அந்தச் சிதம்பரத்து சிஸ்டர் எப்படி விசுவாசத்துக்கு வந்தாங்க, உங்களுக்குத்தானே தெரியும் என்று கேட்டுவிட்டார்கள்.

கேட்டைக் காட்டினேன். "அதோ, ஜூஸ் கடையில பேப்பர் படிக்கிறாரே, அவுங்க வீட்டுக்காரரு. அவரக் கேளுங்க" என்றேன்.